விதால் வீட்டு வாசனை

வீடு திரும்பிய மனைவியை வழக்கம்போல் முத்தமிட்ட மார்சியல், அப்படியே நின்றுவிட்டான். ரோஸலினின் உதட்டில் மூர்வேத்ரு ஒயின் மணத்தது.

அந்த வட்டாரத்தில் மூர்வேத்ரு திராட்சை கடலைப் பார்த்த சரிவில்தான் பழுக்கும். அந்தச் சரிவு விதாலுடையது. விதால் ஒண்டிக்கட்டை, போன அறுவடை விருந்தில் ரோஸலினோடு இரண்டு பாட்டுக்கு ஆடியவன்.

"எங்க போயிருந்த?"

"ரொட்டி வாங்க."

"ரொட்டி எங்க?"

"தீந்துபோச்சாம்."

போன வியாழனும் தீர்ந்துதான் போயிருந்தது.

மார்சியலுக்கு அன்று சோறு தண்ணி இறங்கவில்லை. தாத்தா காலத்திலிருந்து சொந்தத் தோட்டத்துக் கிரெனாஷ், சிரா திராட்சைகளை மட்டுமே கலந்து ஒயின் செய்து பேர் வாங்கிய குடும்பம் அது. அடுத்தவன் தோட்டத்துத் திராட்சை ஒன்றுகூட அந்த வாசலைத் தாண்டி வந்ததில்லை. கலவைக்கு அளவு போடுவது அவன் பொறுப்பு. பீப்பாய்களில் வற்றிக் குறைவதை வாராவாரம் ஊற்றி நிரப்புவது அவள் பொறுப்பு. நாலு வருஷமாக மாவட்டச் சந்தையில் தங்கப் பதக்கமும் அவர்களுக்குத்தான். அப்பேர்ப்பட்ட வீட்டின் மானம் இப்போது ஒரு ஒண்டிக்கட்டையின் கோப்பையில் கிடக்கிறது!

அடுத்த வியாழன் அவள் பின்னாலேயே போனான். விதாலின் நிலவறைக் கதவு சாத்தியிருந்தது. உள்ளே ரோஸலின் சிரித்துக்கொண்டிருந்தாள். தன்னிடம் அவள் அப்படிச் சிரித்து எத்தனை காலமாயிற்று! வயிறெரிய, கதவை எட்டி உதைத்தான்.

விதால் கோப்பையும் கையுமாக எழுந்தான். "அடடே, வாங்கண்ணே! பதக்கக்காரர் நம்ம வீட்டுக்கா?"

"அண்ணேன்னு கூப்பிட்டா பல்லு இருக்காது. எத்தன நாளா நடக்குது இது?"

விதால் பின்வாங்கினான். "நீயே சொல்லிரு ரோஸலின். உதை வாங்கற வயசெல்லாம் எனக்குத் தாண்டிப்போச்சு."

"அவ என்னத்தச் சொல்றது? போன வாரமே அவ வாய் காட்டிக் குடுத்திருச்சு. உன் ஒயினு ஒரு சொட்டு இருந்தாப் போதும், என் மூக்கு கண்டுபிடிச்சிரும்!"

ரோஸலின் தன் காலடியில் விதாலின் ஒயின் நிரம்பியிருந்த தகரக் கேனை நிதானமாகத் திருகி மூடினாள்.

"பெரிய மூக்குதான். நாலு வருஷமா நம்ம பீப்பாயில மட்டும் இந்த ஒயினு மணக்கலியாக்கும்?"