ஒற்றை பீப்

இறங்கிவிட்டான்.

இரண்டு டயர்களும் ஒன்றாகத் தரையில் அறைந்த சத்தம் பள்ளிக்கூடச் சுவரில் மோதித் திரும்பியது. எலோய் ஹேண்டில்பாரிலிருந்து இரண்டு கைகளையும் எடுத்துவிட்டு, காலியாகக் கிடந்த கார் நிறுத்துமிடத்தின் குறுக்கே கத்திக்கொண்டே போனான்.

படிக்கட்டின் கடைசிப் படியருகே குந்தியிருந்த கோல்பியின் கட்டைவிரல், வழக்கம்போல, கேமராவின் பொத்தானை அழுத்தியது.

பீப்.

கோல்பி காத்திருந்தான். இரண்டாவது பீப் வரவில்லை.

டெக்சஸ் வெயிலில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு கேமராவைக் காதருகே கொண்டுபோனான்.

அந்தப் பழைய டேப் கேமராவின் பாஷை அவனுக்கு அத்துப்படி. பதிவு தொடங்கினால் ஒரு பீப். நின்றால் இரண்டு.

ஒன்றுதான் என்றால், இப்போதுதான் தொடங்குகிறது. அப்படியானால் சற்றுமுன் எலோய் இறங்கியபோது?

கேமரா ஓடவில்லை.

எங்கே கோட்டைவிட்டான் என்று உடனே புரிந்தது. அதற்கு முந்தைய முறை எலோய் ஒரு பக்கம் விழ, சைக்கிள் தனியாகப் பறந்து லென்ஸை நோக்கி வந்தது. கோல்பி உருண்டு தப்பித்தான். அந்தக் களேபரத்தில் கேமராவை நிறுத்த மறந்திருக்கிறான். அடுத்த முறை தொடங்குவதாக நினைத்து அழுத்தியதில் அது நின்றிருக்கிறது. அந்த இரண்டு பீப்பையும் மேலிருந்து வந்த சக்கர இரைச்சல் விழுங்கிவிட்டது. கேமராவைத் தரையோடு தரையாகப் பிடித்திருந்தவனுக்குத் திரையைப் பார்க்க ஏது வழி?

நண்பர்கள் கூட்டமாக இரண்டு வருடம் எடுத்த வீடியோ, ஆளுக்கொரு பகுதி. வெள்ளிக்கிழமை சைக்கிள் கடையில் திரையிடல். எலோயின் பகுதிக்குக் கடைசி ஷாட் இதுதான். படிக்கட்டின் கைப்பிடிக் கம்பி நடுவில் ஒரு முறை வளைந்து மறுபடி சரிகிறது. சக்கர அச்சில் நீட்டிக்கொண்டிருக்கும் இரும்புக் குழாய்களால் அதன்மேல் உரசிக்கொண்டே அடிவரை வர வேண்டும். ஊரில் ஒருவனும் வந்ததில்லை.

நாளைக்கு எலோயின் முழங்காலில் ஆபரேஷன். அப்புறம் சைக்கிளைத் தொட எத்தனை மாதமோ.

இந்தக் கூட்டத்தில் சட்டம் ஒன்றே ஒன்று. டேப்பில் இல்லாதது நடக்கவே இல்லை.

எலோய் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நொண்டி நொண்டி வந்தான். கோல்பியின் முகத்தைப் பார்த்தான். பிறகு அவன் கையில் தொங்கிய கேமராவைப் பார்த்தான்.

"எடுத்துட்டியா மச்சான்?"

தப்பிக்க வழி இருந்தது. எடுத்த இடத்திலேயே டேப்பைப் பின்னால் சுற்றிப் பார்க்கக் கூடாது என்பது கோல்பியே போட்ட விதி. அப்படிச் சுற்றிப் பார்த்துவிட்டு, நல்ல ஷாட்டின் மேலேயே அடுத்ததைப் பதிந்து தொலைத்தவர்கள் எத்தனையோ பேர். 'ம்' என்று ஒரு வார்த்தை போதும். ராத்திரி போன் செய்து, டேப் சிக்கிக் கசங்கிவிட்டது என்றால் எலோய் நம்புவான்.

உண்மையைச் சொன்னால்? இந்தக் காலோடு மறுபடி மேலே ஏறுவான். அந்த முழங்கால் ஜீன்ஸுக்குள் பந்து போல வீங்கியிருந்தது.

ஜிம் கட்டடத்தின் வாசலிலிருந்து காவலாளியின் பேட்டரி வண்டி வேகமாக வந்துகொண்டிருந்தது.

"டேய், எடுத்தியான்னு கேட்டேன்."

"எடுக்கலடா," என்றான் கோல்பி. "பட்டன் மாறிப்போச்சு. நீ இறங்கினப்ப கேமரா ஓடல. என் தப்புதான்."

எலோய் கத்தவில்லை. ஒரு பக்கமாக எச்சிலைத் துப்பினான். கத்தியிருந்தால் தேவலை என்றிருந்தது கோல்பிக்கு.

"மறுபடி ஏறாதடா. காலைப் பாரு."

பேட்டரி வண்டி கிறீச்சிட்டு நின்றது. காவலாளி தொப்பையை முன்னால் விட்டு இறங்கினார்.

"ஞாயித்துக்கிழமைகூட நிம்மதியா விடமாட்டீங்களாடா? அவ்வளவு பெரிய போர்டு கண்ணுல படலையா?"

கோல்பி கேமராவைப் பைக்குள் திணிக்கப் போனான். எலோய் அவன் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தான்.

"அப்படியே இரு. அசைக்காத."

பிறகு காவலாளியின் பக்கம் திரும்பினான். இதுவரை எந்தக் காவலாளியிடமும் காட்டாத பணிவு.

"சார், நான் இறங்கினதைப் பார்த்தீங்களா?"

"பார்க்காம? மேலேர்ந்து அடிவரைக்கும் அந்தக் கம்பி மேலயே வந்தியே! அந்த வளைவுல மண்டை பொளக்கப் போகுதுன்னு ஆம்புலன்ஸுக்கு அடிக்கப் போனைக் கையில எடுத்துட்டேன்."

"கால் எங்கயாவது கீழ பட்டுச்சா சார்?"

"எங்க பட்டுச்சு? பூனை மாதிரி இறங்கின. இந்தக் கம்பில எத்தனை பயலுங்க பல்லை உடைச்சுக்கிட்டுப் போனதைப் பார்த்திருக்கேன். முழுசா இறங்கினவன் நீதான்." அவருக்கே தன் குரலில் ஏறிய குஷி உறுத்தியிருக்க வேண்டும். முகத்தை இறுக்கிக்கொண்டார். "போதும்டா, கிளம்புங்க!"

"தேங்க்ஸ் சார். கிளம்பிட்டோம்."

வண்டி திரும்பிப் போனது. கோல்பி வெடித்தான்.

"அந்த ஆள்கிட்ட எதுக்குடா சாட்சி கேட்ட? டேப்புல இல்லாட்டி எவன் நம்புவான்?"

"கம்பில பாதி தூரம் வந்தப்பவே பார்த்தேன், கேமரா முன்னாடி விளக்கு எரியல." எலோய் சைக்கிளின் மேல் சாய்ந்துகொண்டு சிரித்தான். "நீயா சொல்றியா, சமாளிக்கிறியான்னு பார்த்தேன். சொல்லிட்ட. தப்பிச்ச."

"தப்பிச்சேனா?"

"அந்த ஆளு சொன்னது போதாதா?" எலோய் முகவாயால் கீழே காட்டினான்.

கோல்பியின் கையில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்த கேமராவின் முன்பக்கம், சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது.