செருப்பு வரைக்கும்

“அப்போ சின்னது வெட்டிடும்ங்கிற?” என்று ஒபோகு மறுபடியும் கேட்டார்.

கேமராக் கடை டார்க்கோ பெருமூச்சு விட்டான். கானாவின் குமாசிச் சந்தைக்கு வருகிறவர்கள் விலையைக் குறைக்கச் சொல்லித்தான் உயிரை எடுப்பார்கள். இந்த டயர் கடைக்காரர் வேறு விதமாக எடுத்துக்கொண்டிருந்தார்.

“வெட்டாது அண்ணே. ஒரே லென்ஸை ரெண்டு கேமராலயும் மாட்டினா, சின்னதுல இருக்கிற கிராப் சென்சார்ல ஓரம் கொஞ்சம் வராது. பெரிசு ஃபுல் ஃப்ரேம், அதுல வரும். அவ்ளோதான். ரெண்டடி பின்னாடி போனா எல்லாம் ஒண்ணுதான்.”

“பின்னாடி செவுரு இருக்கே.”

“அப்ப அந்தம்மாவைத் தள்ளி நிக்கச் சொல்லுங்க.”

“அவங்களையா? சொன்ன பேச்சைக் கேக்குற ஜென்மமா அது!”

அந்தம்மா ஒபோகுவின் மாமியார்.

ஒபோகுவின் கல்யாணத்துக்கென்று அந்த அம்மாள் தலைநகர் அக்ராவரைக்கும் போய்க் குதிகால் உயர்ந்த செருப்பு வாங்கி வந்தாள். படம் பிடித்தவன் ஒபோகுவின் சிநேகிதன். சும்மா எடுத்துத் தருகிறேன் என்றவன், அம்மாளை முழங்காலோடு நிறுத்திவிட்டான்.

படம் வந்த அன்று வீடே அதிர்ந்தது. “எனக்கென்ன காலே இல்லையா?” என்று கேட்டாள். அன்றிலிருந்து ஒபோகுவுக்குப் பெயர் ‘பாதி மாப்பிள்ளை’. சர்ச் வாசலிலும் அதே பெயர். மகளுக்குப் போன் செய்தால், “அந்தப் பாதி வீட்டில் இருக்கா?” என்றுதான் ஆரம்பிப்பாள். பேரன் பேத்தி பிறந்தும் அந்தப் பாதி முழுசாகவில்லை.

வருகிற சனிக்கிழமை எடுக்கப்போகும் படத்தில் தலையில் கட்டும் துணி முதல் செருப்பு வரைக்கும் வந்தாக வேண்டும். இந்தத் தடவை ஒபோகு வேறு எவனையும் நம்புவதாக இல்லை. ஆனால் அவர் ஆயுளில் கேமராவைத் தொட்டதில்லை.

“நில்லு, உன்னையே எடுத்துப் பார்க்கிறேன்” என்று டார்க்கோவைக் கடை வாசலில் நிறுத்திவிட்டு, முதுகு சுவரில் இடிக்கும்வரை பின்னால் போனார். சின்ன கேமராவில் டார்க்கோ கணுக்காலோடு நின்றுபோனான். பெரியதில் பாதம் வந்தது, பக்கத்தில் கிடந்த பிளாஸ்டிக் வாளியும் வந்தது.

“பார்த்தியா, வெட்டுது!”

“அண்ணே, அதுக்கு லென்ஸை மாத்தினாப் போதும். அகலமா எடுக்கிறது ஒண்ணு தர்றேன். புதுசா பழகுறவங்களுக்குச் சின்னதுதான் சரி. பெரிசை வாங்கிட்டுப் போய், வெயிட்டா இருக்கு, ஒண்ணும் புரியலைன்னு அடுத்த வாரம் வந்து என் சட்டையைப் பிடிக்காதீங்க. வெளிச்சம் எப்படி இருக்கும்?”

“கம்மிதான். விடியறதுக்குள்ள எடுத்தாகணும். அவங்க ஊர் சனம் உள்ள நுழைஞ்சிட்டா கிட்டவே போக முடியாது.”

டார்க்கோ தலையைச் சொறிந்தான். “இருட்டுன்னா பெரிசு கொஞ்சம் தாங்கும். சின்னதுல யாராவது லேசா ஆடினாலும் கலங்கிடும். உங்க மாமியார் ஆடாம நிப்பாங்களா?”

“நிக்க மாட்டாங்க.” ஒபோகு கேமராவை மெதுவாகக் கண்ணாடிமேல் வைத்தார். “வெண்கலக் கட்டில்ல கிடத்தியிருப்பாங்க. வெள்ளிக்கிழமைதான் மார்ச்சுவரியிலேர்ந்து வர்றாங்க. செருப்பு, சாவுக்கு மாப்பிள்ளை செய்யுற சீர். நான்தான் வாங்கினேன்.”

டார்க்கோ தொப்பியைக் கழற்றினான். சொல்ல வேண்டியதைச் சொல்லி, ஒபோகுவின் கையைப் பிடித்துக்கொண்டான்.

கிழவியிடம் திட்டு வாங்காத இந்த நாட்கள் ஒபோகுவுக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. அதை மனைவியிடம்கூட அவர் சொல்லியிருக்கவில்லை.

டார்க்கோ மனசாட்சியுள்ள வியாபாரி. பெரிய கேமராவை உறைக்குள் போட்டு அலமாரிக்குத் திருப்பி அனுப்பப் பார்த்தான்.

“அப்போ சின்னதே தாராளம் அண்ணே. அவங்கதான் ஆடப்போறதில்லையே.”

“அவங்க ஆட மாட்டாங்கப்பா” என்றார் ஒபோகு. “என் கை ஆடுமே.”