சனிக்கிழமைத் துப்புரவு

பாதத்தின் மேல்தோல் வெடித்து எரிந்தது.

அடிப்பாதத்தில் வலி இல்லை. மாதக்கணக்கில் எதையும் மிதிக்காததால் பழைய காய்ப்பெல்லாம் உரிந்து, அது கைக்குழந்தையின் கால் மாதிரி மெத்தென்று ஆகிவிட்டது. இங்கே நிற்பது என்றால் கால்விரல்களைச் சுவர்க் கம்பியின் கீழே கொளுவிக்கொள்வதுதான். காய்ப்பு இப்போது பாதத்தின் மேலே.

சனிக்கிழமை, விண்வெளி நிலையத்தில் துப்புரவு நாள். விமானி, விஞ்ஞானி எல்லோரும் அன்று துடைக்கத்தான் வேண்டும். ஜெனிற்றாவின் பங்குக்குக் காற்றை இழுக்கும் வலைகள். அவை அடைபட்டால், விட்ட மூச்சு போக வழியில்லாமல் முகத்தைச் சுற்றியே நிற்கும். முதலில் தலை இடிக்கும். கவனிக்காமல் விட்டால் தலையிடியோடு நிற்காது.

ஒரு கையில் தூசி உறிஞ்சும் குழாயைப் பிடித்தபடி அம்மாவின் இலக்கத்தை அழுத்தினாள். மேலேயிருந்து கீழே எடுக்கலாம். கீழேயிருந்து மேலே எடுக்க முடியாது.

கீழே, பிரெஞ்சுத் தலைநகரின் லா ஷப்பலில், ரூ பிலிப்-து-ஜிரார் தெருவில் உள்ள மரக்கறிக் கடையில் அம்மா இம்மாகுலேற் காசு வாங்கும் இடத்தில் நிற்பாள். சனம் நெரியும் நேரம்.

"ஓம், கேக்குது. சொல்லு."

ஹலோ இல்லை. யார் என்றும் கேட்பதில்லை. முதல் அழைப்பிலிருந்தே அம்மா இப்படித்தான், மகள் வாய் திறக்கும் முன்பே. கடைச் சத்தத்துக்குள் நின்று பழகியது என்று ஜெனிற்றா நினைத்திருந்தாள்.

இன்று அம்மாவிடம் ஒன்று கேட்க வேண்டியிருந்தது.

அப்பா விடிய எழுதியிருந்தார். மரித்த ஆத்துமாக்களின் நாளில் வாசிக்கும் இறந்தோரின் பெயர்களை நாளைப் பூசை முடியப் பாதிரியாரிடம் கொடுக்க வேண்டுமாம். பேனாட் மாமாவின் பெயரையும் கொடுக்க அம்மாவைச் சம்மதிக்க வை. மன்னாரில் இருக்கிற அவரின் மனைவி, மாமியே ஓம் என்றுவிட்டா. உன் அம்மாதான் வருஷா வருஷம் மாட்டன் என்கிறா. வானத்திலிருந்து நீ கேட்டால் மறுக்கமாட்டா.

பேனாட், அம்மாவின் அண்ணன். யுத்தம் முடிந்த மாதத்தில் வன்னியில் காணாமற்போனவர். செத்ததைக் கண்டவரும் இல்லை, புதைத்தவரும் இல்லை.

எப்படித் தொடங்குவதென்று தெரியாமல் ஜெனிற்றா வலையைச் சுரண்டினாள்.

"என்ன பிள்ளை, ஒரே இரைச்சலாக் கிடக்கு?"

"கூட்டித் துடைக்கிறன் அம்மா."

சொன்னது கீழே போய், மறுமொழி மேலே வர ஒரு கணம் சுணங்கியது. பிறகு சிரிப்பு.

"நான் முந்திச் செய்த அதே மெனாஜ், துடைக்கிற வேலை! எனக்குப் போக மெட்ரோ, உனக்கு ராக்கெற்." உடனே கடைப் பக்கம் திரும்பிய குரல்: "அண்ணை, வெண்டிக்காயை வாங்கிப்போட்டு முறியுங்கோ. முறிச்சுப்போட்டு வைக்காதேங்கோ."

வலையில் தலைமயிர், உரிந்த தோல், ஒரு திருகாணி. இவற்றுக்கு நடுவில் மத்தியூவின் கரண்டி. கூட வேலை செய்யும் மத்தியூ அதைத் தேடி, எல்லோர் பையையும் ஒரு மாதிரிப் பார்த்துக்கொண்டு திரிந்தவன்.

"மத்தியூவின்ரை கரண்டி கிடைச்சிட்டுது," என்றாள் ஜெனிற்றா. "இஞ்சை ஒண்டும் துலையாதம்மா. கையை விட்டுப் போறதெல்லாம் காத்தோடை இழுபட்டு இந்த வலைக்குத்தான் வரும். பொறுத்திருந்தாச் சரி."

சுணங்கும் கணம் போனது. அதற்குப் பிறகு, காசுப் பெட்டியை மூடும் சத்தம்.

"எல்லாமோ?"

"எல்லாம். வெளியிலை போக வழியில்லையே."

சொன்ன பிறகுதான், யாரிடம் சொன்னோம் என்று உறைத்தது. பதினாறு, பதினேழு வருஷமாகப் பொறுத்திருக்கிற ஒருத்தியிடம். இனி அந்தப் பெயரைப் பற்றி எந்த வாயால் கேட்பது? திரையில், தொடர்பு அறுபட இன்னும் எவ்வளவு நேரம் என்பது இறங்கிக்கொண்டிருந்தது.

கடைச் சத்தம் திடீரென்று அடங்கியது. அம்மா மூட்டைகள் அடுக்கும் பின்னறைக்குப் போயிருக்க வேண்டும்.

"கொப்பரோ அண்ணையின்ரை பேரைக் கேக்கச் சொன்னது?"

"ஓம், அப்பாதான்."

"உங்கை கதவெல்லாம் பூட்டிக் கிடக்கு, கரண்டி வரும். இது பூமி, பிள்ளை. பேரைக் குடுக்கச் சொல்லு."

ஜெனிற்றா குழாயை நிறுத்தினாள். கரண்டி அவள் முகத்துக்கு முன்னால் மெல்லச் சுழன்றது.

"அண்ணை கடைசியா எடுத்ததும் உன்ரை கோல் மாதிரித்தான். இதே இரைச்சல், இதே சுணக்கம். ஆற்றையோ சற்றலைற் போன். திருப்பி எடுக்கேலாது. 'தங்கச்சி, நான் கதைக்கிறது கேக்குதோ, கேக்குதோ' எண்டு திரும்பத் திரும்பக் கேட்டவர். நான் 'ஓம், கேக்குது' எண்டனான். அது போய்ச் சேர முந்தி அறுந்திட்டுது."

திரையில் சில விநாடிகளே மிச்சம். இனி அவள் மறுமொழி சொல்லத் தொடங்கினாலும் அது முழுதாய்க் கீழே போய்ச் சேராது. ஜெனிற்றா அம்மாவின் குரலுக்குக் காதைக் கொடுத்தாள்.

"பேரைக் குடுத்தாலும் பூசையோடை அது தீராது. அண்ணைக்கு நான் ஒரு ஓம் குடுக்கக் கிடக்கு."