மேற்படிப்புக்கு ஒரு காரணம்

"உங்களுக்கு நல்லாத் தெரிஞ்ச ஒரு வளைவை எடுத்துக்கங்க. அதுல எவ்வளவு வேகம் வரைக்கும் ஆபத்தில்லாம போகலாம்னு கணக்குப் போட்டுக் காட்டுங்க" என்று நேர்முகத் தேர்வில் பேராசிரியை பேனாவை நீட்டினார்.

அவள் எழுந்து வெள்ளைப் பலகையின் முன் போய் நின்றாள். பேனாவின் மூடியைக் கழற்றினாள்.

அவளுக்கு நன்றாகத் தெரிந்த வளைவு ஒன்றே ஒன்றுதான்.

போக்குவரத்துப் பொறியியலில் முதுகலை படிக்க அவள் ஏறி இறங்கும் மூன்றாவது கல்லூரி இது. முதல் இரண்டும் கையை விரித்துவிட்டன. இதுவும் போனால் அடுத்த வருடம்தான். அதுவரை வீடு தாங்காது.

வெளியே வராந்தாவில் அப்பா உட்கார்ந்திருந்தார். ரயிலை விட்டு இறங்கியதிலிருந்து கல்லூரி வாசல் வரை நடந்தே வந்திருந்தார். இந்த வழியில் பஸ் வசதி தாராளமாக இருந்தது. ஆனால் அவர் பஸ்ஸில் ஏறி வருடக்கணக்காகிவிட்டது.

அவர் பஸ் டிரைவராக இருந்தவர்.

அவள் பள்ளியில் கடைசி வருடம் படிக்கும்போது, மலை இறக்கத்து வளைவு ஒன்றில் அவர் ஓட்டிய பஸ் கவிழ்ந்தது. செத்தவர்களில் கண்டக்டரும் ஒருவர். அவளுக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து மாமா என்று கூப்பிட்ட மனிதர். அவள் பத்தாவது பாஸானதற்கு அவள் அப்பாவைவிட அதிகமாகத் தெருவெல்லாம் தம்பட்டம் அடித்தவர்.

"நாப்பதுக்கு மேல போகல. ரோடுதான் வண்டியை வெளிய தள்ளிருச்சு."

அப்பா இதைப் போலீஸில் சொன்னார். கோர்ட்டில் சொன்னார். தண்டனை முடிந்து வந்த பிறகு, யாரும் கேட்காமலேயே, சாப்பாட்டுத் தட்டைப் பார்த்துச் சொன்னார்.

பிறகு அதைச் சொல்வதையும் நிறுத்திவிட்டார்.

அம்மா எலிமருந்து வாங்குவதை விட்டாள். குளியலறையின் உள்தாழ்ப்பாளைக் கழற்றி எடுத்தாள். அதைப் பற்றி வீட்டில் யாரும் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை.

அவள் சிவில் மூன்றாம் வருடம் படித்தபோது ஒருநாள், அவர் தட்டை அப்படியே தள்ளி வைத்துவிட்டு எழுந்தார். அதற்கு முந்தைய இரண்டு நாளும் அப்படித்தான்.

"ரோட்டைப் பத்தி இன்னும் மேல படிச்சாத்தான்ப்பா அதுல என்ன தப்புன்னு நிரூபிக்க முடியும். நான் படிக்கிறேன்."

அவர் திரும்ப உட்கார்ந்தார். சோற்றைப் பிசைந்தார்.

மறுநாள் முகச்சவரம் செய்துகொண்டார்.

அன்றிலிருந்து அவளுடைய மேற்படிப்புதான் அவருக்கு வேலை. எந்தக் கல்லூரியில் இந்தப் படிப்பு இருக்கிறது, விடுதி எப்படி, யார் நன்றாகச் சொல்லிக்கொடுப்பார்கள் என்று தெரிந்தவர் தெரியாதவர் எல்லோரிடமும் விசாரித்தார். "என் பொண்ணு ரோட்டுக்கு வைத்தியம் பாக்கப் போறா" என்று பக்கத்து வீட்டுக்காரரிடம் சொல்லிச் சிரித்தார். அந்தச் சிரிப்பைக் கேட்டு அம்மா சமையலறையில் அழுதாள்.

கல்லூரிகள் கையை விரித்த அந்த இரண்டு நாளும் அவர் சாப்பிடவில்லை.

அவள் பலகையில் எழுதினாள். வளைவின் ஆரம். வெளிப்பக்கம் எவ்வளவு உயர்த்தியிருக்கிறது என்ற அளவு. டயருக்கும் தாருக்கும் உள்ள பிடிமானம். எதையும் யோசிக்க வேண்டியிருக்கவில்லை. விடை ஐம்பது என்று வந்தது.

"சரியாத்தான் போட்டிருக்கீங்க" என்றார் பேராசிரியை. "இது நிஜமாவே இருக்கிற ரோடா?"

"ஆமா மேடம். நானே போய் அளந்தது. அங்க ஒரு பஸ் கவிழ்ந்தது."

பேராசிரியை மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பலகையை மறுபடியும் பார்த்தார்.

"ரோட்டுல ஒரு குறையும் இல்லையேம்மா. இந்த வளைவுல பஸ் கவிழணும்னா டிரைவர் எழுபதையாவது தாண்டியிருக்கணும்."

"தெரியும் மேடம். ரெண்டாம் வருஷமே போட்டுப் பாத்துட்டேன்."

"விடை தெரிஞ்சுபோச்சுன்னா, அப்புறம் எதுக்கு இந்தப் படிப்பு?"

இதற்கு அவள் ஒரு பதிலைத் தயார் செய்து வைத்திருந்தாள். சாலைப் பாதுகாப்பு, நாட்டுக்குச் சேவை என்று கண்ணாடி முன் நின்று சொல்லிப் பார்த்த பதில். அதை விட்டுவிட்டு அவள் கதவைக் காட்டினாள்.

"அந்த டிரைவர் வெளிய உக்காந்திருக்காரு மேடம். எங்க அப்பா. நான் படிச்சு முடிக்கிற வரைக்கும் உசுரோட இருப்பாரு." அவள் பேனாவை மூடினாள். "எனக்கு இன்னும் ரெண்டு வருஷம் வேணும்."

பேராசிரியை எழுந்து வந்து, துடைப்பானை எடுத்துப் பலகையைத் தானே துடைத்தார். பலகை வெள்ளையான பிறகும் துடைத்துக்கொண்டிருந்தார்.

"திங்கக்கிழமை வந்து சேந்துருங்க" என்றார், திரும்பாமலேயே.

கதவைத் திறந்ததும் அப்பா எழுந்து நின்றார். உள்ளே நடந்தது எதுவும் வெளியே கேட்டிருக்காது. கனமான கதவு.

"கெடச்சிருச்சுப்பா. ரெண்டே வருஷம். அப்புறம் அந்த ரோடு விஷயத்தை முடிச்சிரலாம்."

அவர் தலையாட்டினார். அவள் தோளில் முறுக்கிக்கொண்டிருந்த பையின் வாரை நிமிர்த்திவிட்டார். இருவரும் படியிறங்கி, மர நிழலில் கொஞ்ச தூரம் நடந்தார்கள்.

"அவசரமில்லம்மா" என்றார் அப்பா, அவள் முகத்தைப் பார்க்காமல். "இதுக்கு மேல டாக்டர் பட்டம்னு ஒண்ணு இருக்காமே. அதையும் படிச்சிரு. அதுக்கு அஞ்சு வருஷம் ஆகுமாம்."