ஜூலைத் தவணை

பிளாஸ்டிக் புல் விற்பவர் மண்டியிட்டு, நகத்தால் தரையைச் சுரண்டினார்.

ஸ்டோர்கீப்பர் உர டப்பாவைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, ஆபரேஷன் தியேட்டர் வாசலில் காத்திருப்பவரைப்போல நின்றார்.

வீட்டு முன் புல்வெளி வைக்கோல் நிறத்தில் கிடந்தது. மொத்தம் நாலு கட்டில் அகலம்.

மகன் நேற்றே தீர்ப்பு சொல்லிவிட்டான்: செத்த புல்லைச் சுரண்டி எறிந்துவிட்டு பிளாஸ்டிக் விரிப்பது. இதோ, அளவெடுக்க ஆளும் வந்தாயிற்று.

இந்த வீட்டில் துணியை ஒரு மெஷின் துவைத்தது. பாத்திரத்தை ஒரு மெஷின் கழுவியது. வட்டத் தட்டு மாதிரி இன்னொரு மெஷின் தானே தவழ்ந்து வந்து தரையைப் பெருக்கி, அவர் காலில் முட்டி, வழி விடச்சொல்லி முனகியது. அவருக்கென்று மிச்சமிருந்த உத்தியோகம் இந்தப் புல் ஒன்றுதான். அதுவும் போனால், தட்டு மெஷினுக்குப் பக்கத்தில் மூலையில் உட்கார்ந்து சார்ஜ் ஏற்றிக்கொள்ள வேண்டியதுதான்.

அவருக்குப் புல்லைப் பற்றித் தெரியாததா?

முப்பத்தைந்து வருஷம் பூங்காத் துறையின் உரக் கிடங்கு அவர் சாவிக்கொத்தில் தொங்கியது. அவர் கையெழுத்துப் போடாமல் அந்த நகரத்தில் ஒரு புல்கூடத் தலை நீட்டியதில்லை. ஏப்ரல் முதல் தேதி முதல் தவணை. மே கடைசியில் இரண்டாவது. ஜூலை நடுவில் மூன்றாவது. செப்டம்பரில் கொஞ்சம் பொட்டாஷ். அப்புறம் மறு ஏப்ரல்வரை கிடங்குக்குப் பூட்டு. மந்திரியே வந்து வாசலில் தர்ணா இருந்தாலும் ஜனவரியில் ஒரு பிடி யூரியா நகராது.

அவர் அந்தப் புல்லை ஒரு நாளும் மிதித்ததில்லை என்பது வேறு விஷயம். மூட்டைகள் தையல் பிரியாமலே கிடங்கைத் தாண்டிவிடும். உள்ளே இருந்தது வெள்ளையா கறுப்பா என்றுகூட அவர் பார்த்ததில்லை.

இந்த ஜனவரியில், பாதி உலகத்தைக் கடந்து, மகன் வீட்டுக்கு வந்து சேர்ந்தார். வந்ததும் பட்டியலை எழுதி பிரிட்ஜில் ஒட்டினார். ஒரு தேதி பிசகவில்லை.

ஜனவரியில் பச்சைப்பசேல் என்றிருந்த புல், முதல் தவணை தூவியதும் வெளுத்தது. இரண்டாவது தூவியதும் மஞ்சளானது. மூன்றாவதை இன்று காலையில்தான் தூவிக்கொண்டிருந்தார். ஊட்ட ஊட்ட மெலிகிற பிள்ளையை அவர் எங்கும் கண்டதில்லை. ராத்திரியெல்லாம் யோசித்து மண்டை காய்ந்ததுதான் மிச்சம்.

ஜூலையில் தான் இரண்டு ஸ்வெட்டர் மாட்டிக்கொண்டிருப்பதை அவர் கவனிக்காமலில்லை. ஆனால் அது இந்த ஊரின் கோளாறு. பட்டியலின் கோளாறு அல்ல.

பிளாஸ்டிக்காரர் காய்ந்த இலைகளை விலக்கி, மண்ணோடு ஒட்டி ஓடிய தண்டு ஒன்றைக் கிள்ளிப் பார்த்தார். உள்ளே ஈரமாக, வெள்ளையாக இருந்தது.

“இது சாகலையே சார். தூங்குது.”

“ஜூலையிலயா?”

“ஜூலைதானே சார் இங்க குளிர்காலம்? பூமியோட தென்பாதி சார் இது. உங்க ஊரைக் கவுத்துப் போட்டா எங்க ஊரு. எங்க புல்லு செப்டம்பர்லதான் கண்ணு முழிக்கும்.”

ஸ்டோர்கீப்பரின் தலைக்குள் பன்னிரண்டு மாதங்களும் இடம் மாறி உட்காரத் தொடங்கின. ஏப்ரல் எழுந்து போய் அக்டோபரின் நாற்காலியைப் பிடித்துக்கொண்டது. ஜூலை உட்கார இடமில்லாமல் அலைந்தது.

“அப்ப, தூங்கப்போறவன் வாயிலயா ரெண்டு தவணை ஊட்டினேன்?”

“ரெண்டு தவணையா?” பிளாஸ்டிக்காரர் எழுந்தே நின்றுவிட்டார். “கருகிக் கரியாப் போயிருக்கணுமே சார்! ஒரு இடம்கூடக் கருகலையே!”

இப்போது குழப்பம் இரண்டு பேருக்கும் ஆனது.

மருமகள் உள்ளேயிருந்து வந்தாள். பத்து வருஷமாக இந்த ஊரில் குப்பை கொட்டுகிறவள். மூட்டையைத் தொட்டால் மாமனாருக்கு இடுப்பு பிடித்துக்கொள்ளும் என்று, தவணைதோறும் ஷெட்டில் டப்பாவை நிரப்பிக் கையில் கொண்டுவந்து தருகிறவளும் அவள்தான்.

“அளக்க வேணாம்ண்ணா. நான் எங்க வீட்டுக்காரர்கிட்ட பேசிக்கிறேன்.”

பிளாஸ்டிக்காரர் டேப்பைச் சுருட்டிக்கொண்டு நடந்தார். இரண்டு தடவை திரும்பிப் புல்லைப் பார்த்தார்.

மருமகள் மாமனாரைப் பார்க்காமல் சொன்னாள்.

“மூட்டை ஷெட்ல பிரிக்காம அப்படியே இருக்கு மாமா. அக்டோபர்ல தரேன்.”

“அப்ப இது?”

“மணல். புல்லுக்குக் கெடுதல் இல்ல.”

அவர் டப்பாவுக்குள் பார்த்தார். வாழ்க்கையில் முதல்முறையாகச் சரக்கை விரலில் எடுத்து உரசிப் பார்த்தார்.

“ஏப்ரல்லயே சொல்லத்தான் வெளிய வந்தேன் மாமா. நீங்க விசிலடிச்சுக்கிட்டே தூவிட்டிருந்தீங்க. இங்க வந்து மூணு மாசத்துல, அன்னைக்குத்தான்...”

அவள் முடிக்காமல் உள்ளே போய்விட்டாள்.

கோபப்பட வேண்டுமா என்று அவருக்குத் தெரியவில்லை. யார்மேல் என்றும் தெரியவில்லை.

டப்பாவின் அடியில் இரண்டு பிடி மிச்சமிருந்தது.

பிறகு குனிந்து, ஜூலைத் தவணையை, ஒரு மூலை விடாமல் தூவி முடித்தார்.