ஜன்னலோர இடம்

அந்த மிஷன் நடுநிலைப் பள்ளியில் ரேங்க் வரிசைப்படிதான் உட்கார வேண்டும். முதல் பெஞ்சின் ஜன்னலோரம் முதல் ரேங்குக்கு. அங்கே எப்போதும் கிரேனாப்தான் இருந்தாள். காலாண்டுத் தேர்வு முடிந்த வாரம் காய்ச்சலில் செத்துப்போனாள். அவள் பக்கத்திலேயே இரண்டாவதாக இருந்து இருந்து வெந்துபோன ஜெமைமாவுக்கு அரையாண்டில் அந்த இடம் கிடைத்தது.

உட்கார்ந்தவள் சட்டென்று எழுந்துவிட்டாள். அந்தக் காலைக் குளிரிலும் பலகை கதகதவென்றிருந்தது, யாரோ இப்போதுதான் எழுந்துபோன மாதிரி. மறுநாளும் அப்படியேதான்.

வெள்ளிக்கிழமை ஜெபக்கூட்டத்தில் தலைமையாசிரியை அவளை முன்னால் கூப்பிட்டார். ஜெபம் கேட்கப்பட்டால் எல்லார் முன்னாலும் சாட்சி சொல்வது அங்கே வழக்கம்.

“ரேங்குக்காக முழங்கால்ல நின்னியாமே, உங்கம்மா சொன்னாங்க. ஆண்டவர்ட்ட என்ன கேட்ட? அதை அப்படியே சொல்லு பிள்ளே, எல்லாரும் கேக்கட்டும்.”

காலாண்டுக்கு முன் அவள் கேட்டது ஒரே வரிதான். ‘ஆண்டவரே, அவளை அந்த இடத்திலிருந்து எடுத்துப்போடும்.’

ஜெமைமா நிமிர்ந்து பார்த்தாள். ஏழாம் வகுப்பு வரிசையின் முன்னால், அவள் விட்டுவந்த இடம் காலியாகக் கிடந்தது. அதற்குப் பின்னால் நின்ற பிள்ளைகள், வந்து நிற்கும் யாருக்கோ இடம்விடுவதுபோல ஓரடி பின்னால் நகர்ந்தார்கள்.

“ம், சத்தமாச் சொல்லு” என்றார் தலைமையாசிரியை.