முட்டுக் கயிறு

சென்ட்ரிங் பிரிக்கும்போது, தளம் போட்ட சப்-கான்ட்ராக்டர் அதன் அடியில் நிற்க வேண்டும் என்பது சட்டம். போன மாதம் நின்றவரைக் கான்கிரீட்டிலிருந்து சுரண்டித்தான் எடுத்தார்கள்.

இந்தத் தளத்தைப் போட்டவன் இசக்கிராஜா. லைசென்ஸ் மட்டும் மனைவி கோமதி பேரில் இருந்தது. பெண்கள் பேரில் எடுத்தால் டெண்டர் சீக்கிரம் கிடைக்கும் என்று அவன்தான் கையெழுத்து வாங்கியிருந்தான். அதனால் தளத்துக்கு அடியில் வரைந்திருந்த மஞ்சள் கோட்டுக்குள் கோமதி நின்றாள். தளத்தைத் தாங்கிய சென்ட்ரிங் முட்டுகளில் கட்டிய கயிறுகளைப் பிடித்துக்கொண்டு வெளியே நாலு பேர் காத்திருந்தார்கள்.

"பயமா இருக்கு. நீங்களும் வந்து கூட நில்லுங்க," என்றாள்.

"சட்டப்படி ஒரு ஆளுதான் நிக்கணும்ட்டி," என்றான் இசக்கிராஜா.

"எத்தனை பேர் வேணும்னாலும் நிக்கலாம்," என்றார் அரசு ஆய்வாளர்.

இசக்கிராஜா ஓரடி பின்வாங்கினான்.

பின்னால் போன அந்தக் காலைக் கோமதி பார்த்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது. பாய்ந்து வந்து அவன் தலைமுடியைப் பிடித்தாள். அவன் அவள் வயிற்றில் எட்டி உதைத்தான். கீழே கிடந்த கம்பியை எடுத்து அவன் முழங்காலில் அடித்தாள். எலும்பு முறிந்த சத்தம் எல்லோருக்கும் கேட்டது. அவனைத் தரதரவென்று இழுத்துப்போய்த் தளத்துக்கு அடியில் நட்டநடுவே போட்டாள்.

"கயித்த இழுக்காதீங்கலே! கம்பி பாதிதான் போட்டிருக்கேன்!" என்று அவன் அலறினான்.

ஆய்வாளர் பேனாவை எடுத்தார். "குத்தம் லைசென்ஸ்காரங்க மேலதான்மா வரும். பத்து வருஷம் உள்ள இருக்கணும்."

கோமதி கோட்டைத் தாண்டி வெளியே வந்தாள்.

"ஒரு ஆளு நின்னா போதும்லா?" என்று கேட்டுக்கொண்டே, நடு முட்டின் கயிற்றைப் பிடுங்கி இழுத்தாள்.